நியூசிலாந்து செய்தி எடிட்டர்களே, கிழிச்ச பேப்பர்ல என்ன இருந்துச்சு?

பத்திரிகை, டிவி எடிட்டர்களுக்கு வணக்கம்.

நான் ஆக்லாந்துல இருக்குற ஒரு தமிழ் ஆளு. ரெசிடென்ட் விசால ஒரு வருஷம் இருந்துட்டா சிட்டிசன் ஆகலன்னாலும் இங்க ஓட்டு உண்டு. அதாவது நேத்து வந்த எங்க கையிலயும் இந்த நாட்டோட பூர்வகுடிகளான மாவோரி மக்களோட உரிமை கொஞ்சம் இருக்கு, ஆனா அவங்களப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் நீங்க காட்டுனதுதான்.

2024 நவம்பர் 14, மாவோரி எம்.பி. ஹானா மைபி கிளார்க் பார்லிமென்ட்ல ஒரு மசோதாவக் கிழிச்சுட்டு, அவங்க பாரம்பரிய ஆட்டமான ஹாக்கா ஆடுன வீடியோ. ஊர்ல இருந்து மாமா எனக்கே அனுப்புனாரு. "சரி தம்பி, அந்தப் பேப்பர்ல என்ன இருக்கு"ன்னு கேட்டாரு பாருங்க, நான் முழிச்சேன். தினமும் உங்க நியூஸ் பாக்குறவன் நான்!

அப்புறம் தேடிப் படிச்சேன். பிரிட்டிஷ் ராணி தரப்பும் மாவோரி தலைவர்களும் போட்ட 1840 வைதாங்கி ஒப்பந்தத்துக்கு ரெண்டு பிரதி. இங்கிலீஷ்ல மொத்த இறையாண்மையும் ராணிக்குன்னு இருக்கு. ஆனா 500க்கும் மேல தலைவர்கள் கையெழுத்து போட்டதுல பெரும்பாலானவங்க போட்டது மாவோரி பிரதியில, அதுல குடுத்தது 'காவனதாங்கா' மட்டும். நாம கவர்னர்னு சொல்றோம்ல, அதே வார்த்தை அவங்க வாயில 'காவனா' ஆகி வந்தது, நிர்வாகம் பண்ற அதிகாரம், அவ்வளவுதான். நிலம், ஊரு, தங்களோட பொக்கிஷம் இதுக்கெல்லாம் 'ரங்கதிரதாங்கா', தலைமை அவங்ககிட்டயே இருக்கும்னு எழுதியிருக்கு. இந்த ஒப்பந்தத்தோட கோட்பாடுகளுக்குப் புதுசா அர்த்தம் எழுத வந்ததுதான் அந்த மசோதா.

நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. மசோதாவக் கொண்டு வந்த ஆக்ட் கட்சித் தலைவர் டேவிட் சீமோர் "எல்லாருக்கும் சம உரிமை"ன்னு பத்து செகண்ட்ல முடிச்சுடுவாரு, மறுபக்கத்துக்கு 1840ல இருந்து ஆரம்பிக்கணும், ஆனா ரெண்டு பேருக்கும் அதே பத்து செகண்ட் குடுத்துட்டு நடுநிலைன்னு சொல்றீங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்ல "அவங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்"னு கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன், வெக்கமாத்தான் இருக்கு.

கூட வேலை பாக்குற மாவோரி அக்கா லீவு போட்டு, அந்த மசோதாவ எதிர்த்து நடந்த பேரணியில ஆக்லாந்து ஹார்பர் பிரிட்ஜ்ல நடந்தாங்க. எனக்கு வந்தது டிராஃபிக் அலர்ட். அந்தப் பேரணி தலைநகர் வெலிங்டன்ல முடிஞ்சப்ப 42,000 பேர்னு போலீஸே சொன்னாங்க.

2020ல ஸ்டஃப்ங்கிற செய்தி நிறுவனம் தன்னோட பழைய பேப்பரையெல்லாம் 1857 வரைக்கும் புரட்டிப் பாத்துட்டு, மாவோரி மக்களப் பத்தி ஒருதலைப்பட்சமா எழுதிட்டோம்னு முதல் பக்கத்துலயே மன்னிப்பு கேட்டுச்சு, அது பெரிய விஷயம், மறுக்கல. ஆனா 2025 ஏப்ரல்ல அந்த மசோதா 112க்கு 11ன்னு தோத்தப்பயும் டிவியில ஓடுனது அதே கிழிக்கிற வீடியோ. ஜூன்ல அந்த ஹாக்காவுக்காக ஹானாவுக்கு 7 நாள், அவங்க கட்சித் தலைவர்கள் ரெண்டு பேருக்கும் 21 நாள் பார்லிமென்ட்ல இருந்து சஸ்பெண்ட், அப்பவும் அதே வீடியோதான்.

2026 தேர்தலுக்கு அத மறுபடியும் போடுவீங்க. போடுங்க, ஆனா கீழ ரெண்டு பிரதியோட அந்த ரெண்டு வரியையும் ஓட விடுங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மாமாவுக்கு அனுப்பணும், அவருக்கு இன்னும் பதில் சொல்லல.