விடியலுக்கு முன்பே கூரைக் கதவைத் திறந்து விடுங்கள்

நகர மன்றப் பொறுப்பாளர்களுக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), நகர மறுசீரமைப்பு ஆணைய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சிங்கப்பூரில் பொதுமக்கள் ஏறிப் பார்க்கக்கூடிய கூரைகளுக்குப் பஞ்சமில்லை. வீடமைப்புப் பேட்டைகளில் பல மாடிக் கார் நிறுத்துமிடங்களின் உச்சியில் தோட்டம் போட்டிருக்கிறீர்கள். டக்ஸ்டன் பினாக்கிளின் 50ஆம் மாடி வான்பாலத்துக்கு ஆறு வெள்ளி கட்டினால் யாரும் போகலாம். கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் 51ஆம் மாடித் தோட்டத்துக்குக் கட்டணமே இல்லை. ஆனால் முன்னது திறப்பது காலை 9 மணிக்கு, பின்னது வார நாள்களில் 8.30க்கு. அதற்குள் கதிரவன் அடிவானத்தை விட்டு இருபது, முப்பது பாகை மேலேறி, கண் கூசும் வெள்ளை வெயிலாகிவிடுகிறது. எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, நாளின் மிக நல்ல அரை மணி நேரத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கிறோம். அந்தப் பூட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

நாங்கள் கேட்பது நள்ளிரவுக் காவல் அல்ல. நம் ஊரில் கதிரவன் தாமதமாகத்தான் வருகிறது. சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 103.8 பாகையில். கடிகாரமோ 120 பாகைக்கு உரியது. 1982 ஜனவரி 1 முதல் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து, கதிரவன் நம் கடிகாரத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் பின்தங்கியே நடக்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் உதயம் ஏழு மணியை ஒட்டித்தான். நவம்பர் முதல் வாரத்தில் 6.46 அளவில், பிப்ரவரி நடுவில் 7.16 அளவில். இந்த அரை மணி வேறுபாட்டுக்குப் பகல் நீளம் காரணமில்லை. இங்கே பகல் நீளம் ஆண்டு முழுவதும் பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. பூமி கதிரவனைச் சுற்றும் வேகம் ஏறி இறங்குவதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் வரும் வேறுபாடு இது.

நிறம் தொடங்குவது உதயத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முன்னால். நிலநடுக்கோட்டருகே கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் ஏறுகிறது. அதனால் இங்கே விடியல் நீண்டு கிடக்காது. முழுவட்டம் அடிவானத்தைத் தாண்டி வெளியே வர இரண்டு நிமிடம் சொச்சம்தான். பத்து நிமிடத்தில் நேராகப் பார்க்க முடியாத ஒளி வந்துவிடும். உதயத்துக்கு 45 நிமிடம் முன்னால் கதவு திறந்தால் போதும். அதாவது நவம்பரில் ஆறு மணி, பிப்ரவரியில் ஆறரை. துப்புரவு ஊழியர்கள் பேட்டையில் வேலையைத் தொடங்கும் வேளைதான் அது.

எல்லாக் கூரைகளையும் திறக்கச் சொல்லவில்லை. நகரத்துக்கு ஒன்றிரண்டு போதும், ஆனால் சரியானவையாக இருக்க வேண்டும். கார் நிறுத்துமிடம் ஆறேழு மாடிதான் இருக்கும், சுற்றியுள்ள அடுக்குமாடி வீட்டு புளோக்குகள் அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். எந்தக் கூரை என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆளை மேலே அனுப்புங்கள். கைப்பேசியின் திசைகாட்டியில் 66 பாகையிலிருந்து 114 பாகை வரை பார்க்கச் சொல்லுங்கள். ஜூனில் கதிரவன் எழும் வடக்கு எல்லையும் டிசம்பரில் எழும் தெற்கு எல்லையும் அவை. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் பத்துப் பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை. நேர்க்கிழக்கின் இருபுறமும் இரண்டரை முட்டி அகலத்துக்கு, எதிரிலுள்ள கட்டட விளிம்பு இரண்டு சுண்டுவிரல் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு கிலோமீட்டர் தொலைவில், நிற்பவர் கண்மட்டத்துக்கு 40 மீட்டர் மேலே எழும் புளோக் ஒன்று போதும், உதயத்தை ஒன்பது நிமிடம் தள்ளிப்போடும். ஆண்டில் சில மாதம் மட்டும் மறைக்கும் கட்டடமென்றால் அந்தக் கூரையை ஒதுக்கிவிட வேண்டாம். எந்த மாதங்களில் தெரியும் என்று மின்தூக்கிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினால் தீர்ந்தது.

கிழக்கே புளோக் மறைத்தாலும் பார்க்க ஒன்று உண்டு. மேற்கே நிற்கும் புளோக்கின் உச்சி மாடிச் சன்னல்களில் முதல் பொன்னிறம் விழும். பிறகு அந்த ஒளிக்கோடு மாடி மாடியாகக் கீழே இறங்கும். மறைக்கும் கட்டடத்துக்கும் ஒளி விழும் சுவருக்கும் இடையே இருநூறு மீட்டர் இருந்தால், மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு மாடி என்று எண்ணிக்கொண்டே நிற்கலாம். துணி காயும் மூங்கில் கம்புகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்வதுபோல் இருக்கும். இதற்கு 51 மாடி தேவையில்லை, ஐந்து மாடி போதும்.

இனி, திறந்தபின் எவை கெடுக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது தண்ணீர். தானியங்கித் தெளிப்பான்கள் விடியற்காலையில் ஓடும்படி நேரம் வைப்பது வழக்கம், செடிக்கு அது நல்லதும்கூட. ஆனால் இருக்கை நனையும், தரை வழுக்கும். பாசி படிந்த மரப்பலகைத் தளத்தில் ஈரம் பட்டால் முதியவர்கள் கால் வைக்கவே அஞ்சுவார்கள். தெளிப்பை 5.30 மணிக்குள் முடிக்கும்படி கடிகாரத்தைத் திருப்பினால் செடிக்கும் நட்டமில்லை, ஆளுக்கும் நட்டமில்லை. பலகையைக் கெட்டித் தூரிகையால் தேய்த்துப் பாசியை எடுக்கும் வேலையை மழைக்காலத்தில் கூட்ட வேண்டும்.

இரண்டாவது விளக்கு. தலைக்கு மேல் வெள்ளை ஒளியைக் கொட்டும் கம்ப விளக்குகளின் கீழே நின்றால் கிழக்கின் முதல் நிறம் தெரியவே தெரியாது. முழுவதும் அணைக்கச் சொல்லவில்லை, படியும் விளிம்பும் தெரிய வேண்டும். கணுக்கால் உயரத்தில் கீழ்நோக்கி எரியும் மஞ்சள் விளக்குகளை வைத்துக்கொண்டு கம்ப விளக்குகளை மட்டும் ஆறு மணிக்கு அணையுங்கள்.

மூன்றாவது, கைப்பிடிச் சுவர். ஒரு மீட்டர் உயரச் சுவருக்கு ஒட்டினாற்போல் 40 சென்டிமீட்டர் பூந்தொட்டித் திண்டு இருந்தால், அதில் ஏறி நிற்கும் குழந்தைக்குச் சுவர் 60 சென்டிமீட்டர்தான். உதயம் பார்க்க வரும் குழந்தை ஏறத்தான் செய்யும், பெற்றோர் கண் வானத்தில் இருக்கும். திண்டையும் இருக்கையையும் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். இதை மட்டும் செலவு பார்க்காமல் செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிது இடி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்றுமழை எனப்படும் இடியோடு கூடிய பலத்த காற்றும் மழையும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் வரும், அதுவும் மேற்கிலிருந்து. கிழக்கே முகம் வைத்து நிற்பவர்களின் முதுகுப்பக்கம் வந்து சேரும். முன்னே வானம் தெளிவாக இருக்கும், பின்னே கரும்பட்டை ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே அறிவிப்புப் பலகையில் முதல் வரியாக 'மேற்கேயும் திரும்பிப் பாருங்கள்' என்று எழுதுங்கள். இடிச்சத்தம் கேட்டாலே இறங்கிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்தபின்தான் திரும்ப ஏறலாம். கார் நிறுத்துமிடக் கூரைக்கு இதில் ஒரு வசதி. ஒரு மாடி இறங்கினால் தலைக்கு மேல் கான்கிரீட். அதற்கு மாடிப்படிக் கதவு இருபுறமும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மழை வரும் அறிகுறி இல்லாத நாளிலும் மேற்கே திரும்பியவர்களுக்கு நட்டமில்லை. உதயத்துக்குச் சற்று முன் அங்கே அடிவானத்தில் பூமியின் நிழல் நீலச்சாம்பல் பட்டையாகவும், அதன்மேல் இளஞ்சிவப்பும் படிந்திருக்கும்.

அக்கம்பக்கத்தாரின் கவலை நியாயமானது. எதிர்ப் புளோக்கில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணிவரை ஒலிபெருக்கியும் உடற்பயிற்சிப் பாட்டும் வேண்டாம் என்று விதியே போடலாம், நாங்கள் வரவேற்போம். வண்டி நிற்கும் மேல்தளமென்றால் கிழக்கு ஓரத்தின் நான்கைந்து இடங்களை எட்டு மணிவரை தடுப்பு வைத்து ஒதுக்குங்கள். பின்னோக்கி வரும் காருக்கும் இருட்டில் நிற்கும் ஆளுக்கும் இடையே வெறும் வெள்ளைக்கோடு போதாது.

நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கும் வீவகவுக்கும் ஒன்று. கூரைகளுக்கு இப்போது போட்டி அதிகம். புளோக்குகளின் உச்சியில் சூரியத் தகடுகள், கார் நிறுத்துமிடங்களின் உச்சியில் காய்கறிப் பண்ணைகள். 2020இல் மட்டும் ஒன்பது கார் நிறுத்துமிடக் கூரைகள் பண்ணைக்கென ஏலத்துக்கு வந்தன. இரண்டும் நாட்டுக்குத் தேவை, எங்களுக்கு அதில் மறுப்பில்லை. ஏல ஆவணத்தில் ஒரு வரி சேருங்கள்: கிழக்கு ஓரத்தில் மூன்று மீட்டர் அகலப் பட்டை பொதுவழியாக இருக்கும். தனியார் கட்டடங்களில் பொதுமக்கள் ஏறும் கூரைத்தோட்டத்துக்கு ஒப்புதல் தரும்போது, திறக்கும் நேரத்தையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். எழுதாத நேரம் அலுவலக நேரமாகத்தான் மாறும்.

சோதனை ஓட்டத்துக்கு பிப்ரவரியைச் சொல்கிறோம். ஆண்டிலேயே மழை குறைந்த மாதம், உதயமும் மிகத் தாமதம், சுமத்ரா காற்றுமழைக் காலமும் அல்ல. நான்கு வாரம், சனி ஞாயிறு மட்டும், 6.30 முதல் 8 மணிவரை. மேலே எத்தனை பேர் என்பதற்கு வரம்பு வைக்கலாம், முன்பதிவும் கேட்கலாம். தை முதல் நாளையும் சேர்த்துக்கொண்டால் பல குடும்பங்கள் மகிழும். அன்று உதயம் 7.13 அளவில். அடுப்பும் பானையும் வீட்டிலோ கீழ்த்தளத்திலோ இருக்கட்டும், கூரையில் நெருப்பு கேட்கவில்லை. மாடியேறிக் கதிரவனைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள்.

கூரைகளைப் பார்வையிட்டு 66 முதல் 114 பாகை வரை அளந்து தரவும், சோதனை நாள்களில் கதவருகே நின்று வருகிறவர்களை எண்ணவும் எங்களில் ஆள்கள் இருக்கிறார்கள். எந்தக் கூரை, எந்தக் கிழமை என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கூரைகளில் விடியல் பார்க்கும் சிலர்
சிங்கப்பூர்