உயிலில் விடுபட்ட மனைவிக்கு வழி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

கணவரின் உயிலில் பங்கே இல்லாத இந்து மனைவி, ஆயுள் முழுக்கப் பெருக்கித் துடைத்த வீட்டைவிட்டு வெறுங்கையோடு கிளம்ப வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, சொத்தைப் பெற்றவர்கள் அவருக்கு ஜீவனாம்சம் தர வேண்டும். மறுமணம் செய்தால் உரிமை போய்விடும்.

சறுக்குவது 27ஆம் பிரிவில். உயிலில் எழுதியிருந்தாலோ, தீர்ப்போ ஒப்பந்தமோ இருந்தாலோ தவிர, இந்த உரிமை பொதுவாகச் சொத்தின் மேல் பொறுப்பாக, அதாவது அடமானம்போல் சொத்தையே பிடிக்கும் கடனாக, ஏறாது. மகன் வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு விஷயம் தெரியும் என்று நிரூபிக்க அலைய வேண்டும். அதனால் தாமதம் கூடவே கூடாது. பதிவான உயில் என்றால், இறப்புச் சான்றுடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். வில்லங்கச் சான்றும் போடுங்கள். வழக்கில் மாதத் தொகை மட்டும் கேட்டால் போதாது. சர்வே எண், நான்கெல்லை குறித்து, சொத்தின் மேல் பொறுப்பும் விற்பனைக்கு இடைக்காலத் தடையும் சேர்த்துக் கேளுங்கள்.

- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்