மின்கார் பேட்டரியில் இருப்பது யாருடைய செல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன், மகளுக்கு ஒரு மின்கார் பார்ப்பதற்காகக் கோவையில் உள்ள காட்சிக்கூடம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வண்டியைச் சுற்றி வந்தபோது, டயரின் பக்கவாட்டில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரும், எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் அது தயாரானது என்பதைக் காட்டும் நான்கு இலக்க எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணாடியின் மூலையில்கூட அதைச் செய்தவரின் முத்திரை இருந்தது. வண்டி விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் செல்லை யார் செய்தது என்று விற்பனையாளரிடம் கேட்டேன். "நம்ம கம்பெனி பேட்டரிதானுங்க சார், எட்டு வருஷம் வாரண்டி இருக்குதுங்க" என்றார். மறுபடியும் கேட்டதற்கு மேலாளரை அழைத்து வந்தார். அவர் நீட்டிய கையேட்டில் கொள்ளளவு இருந்தது, செல் செய்தவரின் பெயர் இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நம்ம கம்பெனி பேட்டரி" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பேட்டரி பேக் வேறு, அதற்குள் இருக்கும் செல் வேறு. செம்பு, அலுமினியத் தகடுகளில் வேதிப்பொருள் குழம்பைச் சீராகப் பூசி, உலர்த்தி, காற்றில் ஈரமே இல்லாதபடி பராமரிக்கப்படும் அறையில் அடைத்துச் செல் செய்வது ஒரு தொழில். பெட்டி பெட்டியாக வந்திறங்கும் செல்களை வரிசையாக அடுக்கி, இணைத்து, குளிரூட்டும் தட்டும் மின்னணுக் கட்டுப்பாடும் பொருத்திப் பேக்காக மூடுவது இன்னொரு தொழில். நம் நாட்டுக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் செய்வது இரண்டாவதைத்தான். கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அரைத்ததும் நாங்களே என்பது போலப் பேசுவதுதான் உறுத்துகிறது.

உலகில் தயாராகும் மின்வாகனச் செல்களில் முக்கால் பங்குக்கு மேல் சீனாவில் தயாராகிறது. டாடா கார்களின் பேக்குகள் பல, சீனாவின் கோஷன் நிறுவனத்துடன் டாடா ஆட்டோகாம்ப் வைத்துள்ள கூட்டு வழியாக வருகின்றன. மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ ஆகியவற்றில் இருப்பவை பி.ஒய்.டி. என்ற சீன நிறுவனத்தின் பிளேடு வகைச் செல்கள். சுசூகியின் இ-விட்டாராவுக்கும் செல் தருவது பி.ஒய்.டி. குழுமமே. 1995-ல் பேட்டரி செய்யத் தொடங்கிக் கைப்பேசிகளுக்கு விற்று வளர்ந்த அந்நிறுவனம், இன்று இதே இந்தியச் சந்தையில் சொந்தக் கார்களையும் விற்கிறது. விளம்பரத்தில் மோதிக்கொள்ளும் வண்டிகளின் அடிவயிற்றில் ஒரே குடும்பத்துச் செல் இருக்கிறது என்பது வாங்குபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டிகளின் கதை சற்று வேறு, அது பாராட்டத் தக்கதும்கூட. டொயோட்டா 1997-ல் பிரையஸ் என்ற ஹைபிரிட் காரை வெளியிடுவதற்கு ஓராண்டு முன்பே, மட்சுஷிதாவுடன் (இன்றைய பானசோனிக்) சேர்ந்து பேட்டரிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. 2024-ல் அதை முழுவதும் தன் உடைமையாக்கிக்கொண்டது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் இன்னோவா ஹைகிராஸில் இருக்கும் நிக்கல் பேட்டரி, மின்கட்டணக் கணக்கில் சொன்னால் ஒன்றரை யூனிட்டைச் சற்றே தாண்டும். முழு மின்காருக்கோ நாற்பது, ஐம்பது யூனிட் வேண்டும். சிறிய பேட்டரிக்கே அவ்வளவு முன்யோசனை இருந்திருக்கிறது. குஜராத்தின் ஹன்சல்பூரில் சுசூகி, தோஷிபா, டென்சோ மூன்றும் இணைந்து 2017-ல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் ஆலையில், ஹைபிரிட் பேட்டரியின் செல்லுக்குள் வைக்கும் மின்வாய்களையே (எலெக்ட்ரோடு) இங்கு தயாரிக்கும் நிலை 2025 ஆகஸ்டில்தான் வந்தது. செல் தொழில் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை என்பதற்கு அந்த எட்டு ஆண்டுகளே சான்று.

சீனச் செல் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கிருந்து வருபவற்றில் பெரும்பகுதியான, இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட எல்.எஃப்.பி. வகை, சூட்டைத் தாங்குவதில் நிக்கல் கலந்த என்.எம்.சி. வகையைவிட மேல். ஆனால் எது தன் வண்டியில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தானே அதற்கேற்ப நடந்துகொள்ள முடியும்? எல்.எஃப்.பி.யை அவ்வப்போது முழுக்க நிரப்ப வேண்டும், என்.எம்.சி.யை அன்றாடம் எண்பது விழுக்காட்டோடு நிறுத்துவது நல்லது. இந்தச் சிறிய விவரம்கூட என் கையில் கொடுக்கப்பட்ட கையேட்டில் இல்லை.

கோளாறு நேரும்போது செல் யாருடையது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பாகங்கள் பூட்டப்பட்டு 2019-ல் இங்கு விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா மின்காரில் 456 வண்டிகளை 2020 டிசம்பரில் சோதனைக்காகத் திரும்ப அழைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் உலகெங்கும் ஏறத்தாழ 82,000 ஹூண்டாய் மின்வாகனங்களுக்குப் பேட்டரி மாற்ற நேர்ந்தது, பெரும்பாலானவை கோனா. கார் நிறுவனமும், செல் தந்த எல்.ஜி.யும் காரணம் குறித்தும் செலவு குறித்தும் வெளிப்படையாகவே முரண்பட்டன. அவர்கள் பெரிய நிறுவனங்கள், கணக்கைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள். எட்டாம் ஆண்டில் வாரண்டி முடிந்து நிற்கும் தனிமனிதருக்கு, எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த செல் தன்னிடம் இருந்தது என்றே தெரியாது.

தென்கொரியா இதைக் கடினமான வழியில் கற்றது. 2024 ஆகஸ்ட் 1 அன்று, இன்சியான் நகர அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைக்கீழ் நிறுத்தத்தில், சார்ஜ் செய்யாமல் சும்மா நின்றிருந்த மெர்சிடிஸ் மின்கார் ஒன்று தீப்பற்றி எரிந்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் சேதமடைந்தன. அதற்குள் இருந்தவை ஃபராசிஸ் என்ற சீன நிறுவனத்தின் செல்கள் என்பது பிறகுதான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. மக்கள் கொதித்ததும், செல் யாருடையது என்று வெளியிடுமாறு நிறுவனங்களை அரசு கேட்டுக்கொண்டது. சில நாட்களில் ஹூண்டாய், கியா, மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. எல்லாம் மாடல்வாரியாகச் செல் தயாரிப்பாளர் பட்டியலை வெளியிட்டன. பின்னர் அந்த வெளிப்படுத்தலை அரசு கட்டாயமாக்கியது. தொழில் இரகசியம் என்று இங்கே சொல்லப்படும் காரணம் எவ்வளவு வலுவானது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியமோ, 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்வாகனப் பேட்டரிக்கும் அதன் விவரங்களைச் சொல்லும், கியூ.ஆர். குறியீட்டுடன் கூடிய டிஜிட்டல் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

நம் அரசு 2021-ல் உள்நாட்டுச் செல் உற்பத்திக்கென 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது நல்லதே. அது வரிப்பணம் என்பதால், எந்த வண்டியில் உள்நாட்டுச் செல், எதில் இறக்குமதிச் செல் என்று அறியும் உரிமை வரி செலுத்துபவருக்கு இன்னும் கூடுதலாகவே உண்டு. செல்லுக்கு மூலப்பொருளான கிராஃபைட்டின் ஏற்றுமதிக்கு 2023 டிசம்பர் முதல் அனுமதி கேட்கும் சீனா, 2025 ஜூலையில் எல்.எஃப்.பி. மூலப்பொருள் தயாரிக்கும் தொழில்நுட்பத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. மாற்றுப் பேட்டரி என்ன விலைக்கு, எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்பது இனி அந்த முடிவுகளையும் பொறுத்தது.

ஒரே மாடலின் சில வண்டிகளில் ஒரு நிறுவனத்தின் செல்லையும், வேறு சிலவற்றில் இன்னொரு நிறுவனத்தின் செல்லையும் பொருத்தும் வழக்கம் இருப்பதால், மாடலின் பெயரைச் சொன்னால் போதாது. செல் தயாரிப்பாளர், தயாரான நாடு, வேதி வகை, தயாரித்த மாதம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு வண்டியின் விற்பனைப் பட்டியலிலும் அச்சிட ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆணையிட வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளியாகும் அட்டவணையில் மைலேஜ், டிக்கியின் அளவு, தரை இடைவெளி ஆகியவற்றுக்குக் கீழே "செல் தயாரிப்பு" என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நிறுவனம் பதில் தராவிட்டால், "தெரிவிக்கவில்லை" என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.