பிலிம் கேமரா சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஓர் ஆண்டு முழுக்க சோவியத் கேமராக்களை மட்டும் எடுத்துக்கொள்வது, அவற்றின் கதையைப் படிப்பது, பழுது பார்ப்பது, அவற்றிலேயே படம் எடுப்பது என்று. நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் ஒரு ஸெனித்தோ ஸோர்க்கியோ இருக்கிறது. மாஸ்கோவில் படித்துத் திரும்பிய சித்தப்பா கொண்டுவந்தது, மூடப்பட்ட ஸ்டூடியோவிலிருந்து வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு. ஆனால் முக்கால்வாசி அலமாரியில் ஓடாமல் கிடந்தன. அவற்றை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆண்டின் வேலையாக இருந்தது. இவை சாதாரண மனிதர்கள் கையில் பிடித்துப் படம் எடுப்பதற்காகவே செய்யப்பட்டவை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் ஷட்டர் இறுகிப் போகும், லென்ஸில் பூஞ்சை படரும்.

மாதக் கூட்டங்கள்

முதல் கூட்டம் உக்ரைனின் கார்கிவ் நகரத்தைப் பற்றியது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தெருவில் விட்ட பிள்ளைகளுக்காக 1927-இல் அங்கே ஒரு கம்யூன், அதாவது கூட்டாக வாழ்ந்து வேலை செய்யும் இல்லம், தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் கல்வியாளர் ஆன்டன் மகரென்கோ. பிள்ளைகள் ஒரு நேரம் பள்ளியிலும் ஒரு நேரம் பட்டறையிலும் இருந்தார்கள். முதலில் கையில் பிடித்துத் துளையிடும் மின்சார டிரில் செய்தார்கள். அப்புறம் ஜெர்மனியின் லைகா 2 கேமராவைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். 1934-இல் வரிசை உற்பத்திக்கு வந்த அந்தக் கேமராதான் ஃபெட். கம்யூனுக்குச் சூட்டப்பட்டிருந்த ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகள் அவை. சோவியத் ரகசியப் போலீஸின் முதல் தலைவர் பெயரைக் கேமராவுக்கு வைத்ததைப் பற்றிக் கூட்டத்தில் சூடான விவாதம் நடந்தது. பெயர் யாருடையதாக இருந்தாலும், அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துச் செய்த வேலை அந்தப் பிள்ளைகளுடையது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஜெர்மானியப் படைக்கு முன்னால் அந்த ஆலை சைபீரியாவின் பெர்ட்ஸ்க்குக்கு இடம் மாறியது. போர் முடிந்தபின் மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையும் அதே வடிவமைப்பை எடுத்துக்கொண்டு 1948 முதல் ஸோர்க்கி என்ற பெயரில் கேமரா செய்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் தங்க நிறத்தில் ஒரு ‘லைகா’ கொண்டு வந்தார். மேல்தகட்டில் ஜெர்மன் ராணுவத்தின் கழுகு முத்திரை. நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். மேசையில் விளக்கைப் போட்டு, லென்ஸைத் திருகிக் கழற்றினோம். உள்ளே மேல்பக்கம், லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஃபோகஸ் திருகும்போது அதுதான் தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரை நகர்த்துகிறது. அசல் லைகாவில் அதன் நுனியில் உருளும் சக்கரம் ஒன்று இருக்கும். ஃபெட்டிலும் ஸோர்க்கியிலும் அந்த இடத்தில் ஆப்பு மாதிரி கெட்டியான உலோக மூக்கு. இவருடையதில் இருந்தது மூக்கு. சோவியத் கேமராவின் பெயரை உரசி எடுத்துவிட்டு லைகா என்று பொறித்து விற்கும் வியாபாரம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தங்கமும் கழுகும் எவ்வளவு பளபளக்கின்றனவோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும். நல்லவேளை, உள்ளே இருந்த ஸோர்க்கி நல்ல நிலையில் இருந்தது. அந்த உறுப்பினர் அதிலேயே தொடர்ந்து படம் எடுக்கிறார். இன்று சுவரில் மாட்டியிருக்கும் பூ மார்க்கெட் படங்கள் அந்தக் கேமராவில் எடுத்தவை.

கீவ் கேமராவுக்கு ஒரு கூட்டம் போதவில்லை. போர் இழப்பீடாக ஜெர்மனியின் ஸைஸ் ஐகான் நிறுவனத்திடமிருந்து காண்டாக்ஸ் கேமராவின் இயந்திரங்களும் உதிரிகளும் கீவ் நகரின் அர்சனல் ஆலைக்குப் போயின. 1947 முதல் அங்கே உற்பத்தி. அதன் ஷட்டர் பித்தளைப் பட்டைகளால் ஆனது, கடையின் ஷட்டர் கதவு மாதிரியே மேலிருந்து கீழே இறங்கும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரு ஜன்னல்களுக்கு இடையே 90 மில்லிமீட்டர் இருப்பதால் ஃபோகஸ் துல்லியமாக விழும். புதிதாக எடுப்பவர்கள் வலதுகை விரலால் ஒரு ஜன்னலை மறைத்துவிடுகிறார்கள். நடுவிரலால் ஷட்டரை அழுத்தப் பழகினால் அந்தத் தொல்லை போய்விடும்.

ஸெனித்-ஈ கூட்டத்துக்குத்தான் ஆள் அதிகம். காரணம், நம்மிடம் அதிகம் இருப்பது அதுதான். 1965-இல் வந்தது, லட்சக்கணக்கில் செய்தார்கள், 1980 மாஸ்கோ ஒலிம்பிக் சின்னம் பொறித்த வகையும் உண்டு. ஷட்டர் வேகம் 1/30 முதல் 1/500 நொடி வரை, அப்புறம் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் பி. அவ்வளவுதான். மெதுவான வேகம் கிடையாது, பேட்டரி கிடையாது. நெற்றியில் தேன்கூடு மாதிரி தெரியும், வெளிச்சத்தை அளக்கும் செலினியம் மீட்டர் அந்த வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து முள்ளை நகர்த்தும். நாம் சோதித்த கேமராக்களில் பல மீட்டர்கள் செத்துப் போயிருந்தன. முள் அசைந்தாலும் நம்ப வேண்டாம், வேறு மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மீட்டரில் இருக்கும் கோஸ்ட் எண்கள், அதாவது பிலிம் வேகத்துக்கான சோவியத் எண்கள், இன்றைய ஐஎஸ்ஓ எண்களைவிடச் சற்றுக் குறைவானவை. 1987-க்குப் பிறகே இரண்டும் ஒன்றாயின.

அதோடு வரும் ஹீலியோஸ் 44-2 லென்ஸில் வெளிச்சம் புகும் துளைக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டிய எண்ணை வைக்கிறோம், மற்றொன்றால் திறந்து மூடுகிறோம். முழுக்கத் திறந்து ஃபோகஸ் பார்த்து, அந்த வளையத்தை மூடி, அதன்பிறகு ஷட்டர். வியூஃபைண்டர் இருண்டதும் பதறாமல் அழுத்த வேண்டும். இன்னொரு விஷயம், வியூஃபைண்டரில் தெரிவது 20-க்கு 28 மில்லிமீட்டர் அளவுதான். பிலிமில் விழுவதோ 24-க்கு 36. ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஆள், கம்பம், குப்பைத்தொட்டி எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். பழகினால், ஓர் அடி முன்னால் போக வேண்டும் என்று காலுக்கே தெரிந்துவிடுகிறது.

பின்புலத்தைச் சுழற்றிக் காட்டும் குணத்துக்காக இந்த லென்ஸை இன்று டிஜிட்டல் கேமராவில் மாட்ட நிறையப் பேர் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் லென்ஸைக் கழற்றிக்கொண்டு ஸெனித்தின் உடலைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. யாரிடமாவது அப்படிக் கிடந்தால் சங்கத்துக்குக் கொடுங்கள், உதிரிபாகத்துக்கு உதவும்.

புதிதாக வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்றையும் இங்கே பதிய வேண்டும். தொடக்ககால ஸெனித் லென்ஸ்களும் ஸோர்க்கி லென்ஸ்களும் ஒரே 39 மில்லிமீட்டர் மரை. மாட்டினால் அழகாக மாட்டிக்கொள்ளும். ஆனால் ஸோர்க்கியில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் 28.8 மில்லிமீட்டர் தூரம், ஸெனித்தில் உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விட்டு 45 மில்லிமீட்டருக்கு மேல். மாற்றிப் போட்டால் ஒரு படமும் தெளிவாக வராது. இண்டஸ்டார்-50 என்ற பெயர் இரண்டு வகையிலும் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

பழுது பார்க்கும் வகுப்பு

இந்த ஆண்டில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது ஞாயிறு மதியங்களில் நடந்த பழுது வகுப்புதான். நம் மூத்த உறுப்பினர், தொழிலால் கடிகாரம் பார்ப்பவர், மேசையைச் சுற்றி இளைஞர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். “அண்ணா, திருகை எங்க வைக்கிறது?” என்று கேட்டவர்களிடம், கழற்றிய வரிசையிலேயே டபுள் சைடு டேப்பில் ஒட்டிவிடச் சொன்னார். அந்த ஒரு பழக்கத்தால் எத்தனையோ கேமரா பிழைத்திருக்கிறது.

துணி ஷட்டரில் பெரும்பாலும் மூன்று கோளாறுகள். முதலாவது ஓட்டை. ஃபெட், ஸோர்க்கியை லென்ஸ் மூடி இல்லாமல் வெயிலைப் பார்த்து வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடியாக வேலை செய்து திரைச்சீலையைப் பொசுக்கிவிடும். லென்ஸைக் கழற்றி இருட்டறையில் முன்பக்கம் டார்ச் அடித்து, பின்பக்கம் பார்த்தால் ஊசிமுனை வெளிச்சம் தெரியும். வளையும் கறுப்புப் பூச்சை மெல்லியதாகத் தடவினால் போதும். இரண்டாவது, பழைய கிரீஸ் கெட்டிப்பட்டு இரண்டு திரைகளும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவது. வெள்ளைச் சுவரை 1/500-இல் எடுத்துப் பாருங்கள். நெகட்டிவின் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்திருந்தால் அதுதான் நோய். சுத்தம் செய்து புது எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, ஸ்பிரிங் முறுக்கைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது நம் கையாலேயே வருவது. ஸோர்க்கி-4 போன்றவற்றில் பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருகினால் உள்ளே இருக்கும் பாகம் உடையக்கூடும். இதை எழுதி ஒவ்வொரு ஸோர்க்கியின் உறையிலும் ஒட்டியிருக்கிறோம். பொருளாளர் வீட்டில் அச்சடித்த ஸ்டிக்கர், சங்கத்துக்குச் செலவில்லை.

பூஞ்சையைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை, மழைக்காலம் நம்மை விடாது. தோல் உறைக்குள் லென்ஸை வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடுங்கள்.

ஸ்மேனா பயிற்சி

பள்ளி மாணவர்களுக்கான பயிற்சிக்கு ஸ்மேனா-8எம் எடுத்துக்கொண்டோம். லெனின்கிராடின் லோமோ ஆலை 1970 முதல் 1995 வரை 2 கோடிக்கும் மேல் செய்து விற்ற கேமரா, சோவியத் காலத்து விலை 15 ரூபிள். லென்ஸின் முன்வளையத்தில் பிலிம் வேகத்தை வைக்கிறோம், துளை அதற்கேற்ப மாறுகிறது. அப்புறம் பக்கவாட்டு வளையத்தில் சூரியன், மேகம், மழை என்று படங்கள். வானத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வராண்டாவில் நின்று, “வெளிய வெயில், உள்ள நிழல், எதை வைக்கிறது?” என்று கேட்டாள். வெளிச்சத்தை அளப்பதன் மொத்தப் பாடமும் அந்தக் கேள்வியில் இருந்தது. மீதி வகுப்பை அதற்கே கொடுத்தோம். கேமராவின் திரையில் முடிவைப் பார்த்துவிட முடியாது என்பதால் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தார்கள், முகத்தில் விழும் நிழலைப் பார்த்தார்கள்.

சோவியத் நாட்டில் புகைப்பட ஆர்வலர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கும் ஒரு மாலை ஒதுக்கினோம். 1926-இல் தொடங்கிய ‘சோவியத் ஃபோட்டோ’ இதழ், தொழிலாளர் கலாச்சார மாளிகைகளில் இயங்கிய ஃபோட்டோ கிளப்புகள், உக்ரைனின் ஷோஸ்ட்கா நகரில் செய்த ஸ்வேமா பிலிமை இருட்டில் கேசட்டில் தாங்களே சுற்றிக்கொண்ட பழக்கம் எல்லாவற்றையும் பேசினோம். குளியலறையை இருட்டறையாக்கி இரவில் பிரிண்ட் போட்டவர்கள் அவர்கள். ஃபெட் பிறந்த அதே கார்கிவில் 1971-இல் ‘விரெம்யா’ என்ற புகைப்படக் கலைஞர் குழு உருவானது. அதிலிருந்த போரிஸ் மிகைலோவ் பொறியாளராக வேலை பார்த்தவர். மனைவியை எடுத்த நிர்வாணப் படங்கள் சோவியத் உளவுத்துறையான கேஜிபி கண்ணில் பட்டதால் வேலை போயிற்று. அரசு விரும்பிய சிரித்த முகங்களுக்கு வெளியே அவர் எடுத்த படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மலிவான கேமரா எளிய கைகளுக்குப் போனதால் விளைந்த பலன் இது என்று அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

பிலிமும் கழுவலும்

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ரோலும், கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ பிலிமும் முக்குக் கடையில் கிடைத்த காலத்தை நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்கிறோம். இன்று எல்லாமே இறக்குமதி, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் கறுப்பு வெள்ளையை மொத்தச் சுருளாக வாங்கிப் பங்கிட்டுக் கேசட்டில் சுற்றுவதைத் தொடர்கிறோம். கோடையில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். பிலிம் கழுவும் ரசாயனமான டி-76-ஐ அந்தச் சூட்டில் ஊற்றினால் நேரம் கையில் நிற்காது. வெளித்தொட்டியில் ஐஸ் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டு வந்த பிறகே தொடங்குவது என்று முடிவாகியிருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாமல் யாரும் சங்க இருட்டறையில் கழுவ வேண்டாம்.

உதிரிபாகங்கள் கிடைப்பது கஷ்டமாகியிருக்கிறது. இந்தக் கேமராக்களை விற்றவர்களிலும் பழுது பார்த்தவர்களிலும் பலர் உக்ரைனில் இருந்தவர்கள். 2022 பிப்ரவரியில் போர் மூண்ட பின் அவர்களில் சிலரிடமிருந்து பதில் வருவதில்லை. கார்கிவ் செய்தி வரும்போதெல்லாம், டப்பாவுக்குள் கையெழுத்துக் குறிப்பும் இனிப்பும் வைத்து அனுப்பிய அந்த முகம் தெரியாத மனிதர்களை நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் நலமாக இருக்க வேண்டும்.

நிதியும் வரும் ஆண்டும்

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூடத்தை வாடகையில்லாமல் தந்தவருக்கும், நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் ஒன்றை நன்கொடையாக அளித்த குடும்பத்துக்கும் சங்கத்தின் மனமார்ந்த நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் ரசாயனம் வாங்க உதவும்.

அடுத்த ஆண்டு லூபிடெல்லுக்குப் போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. 120 பிலிமில் 12 சதுரப் படங்கள், மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. அதன் வியூஃபைண்டரில் நடுவில் உள்ள சின்ன வட்டத்தில் மட்டுமே ஃபோகஸ் தெரியும் என்பதால் முதல் கூட்டம் அதற்கே. வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு காலை 10 மணி. கேமராவோடு காலி 120 ஸ்பூல் ஒன்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். அது இல்லாமல் பிலிம் ஏற்ற முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்