தப்பில் அமிழும் பாட்டு

ஆசிரியருக்கு,

வட இலங்கையின் வன்னியில் குடியேறிய மலையகத் தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுக்கக் கோரும் தங்கள் தலையங்கம் கண்டேன். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் இம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அப்படித் தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்டவர்களுக்கான பாட்டுகளைச் சொற்களாக மட்டும் எழுதிவருவது தொகுப்பாகாது. ‘போறோமே’ என்பதை ‘போகின்றோமே’ என்று திருத்தினால் ஓரசை கூடித் தாளம் முறிகிறது.

தப்பு என்னும் பறை முழங்கும்போது கைபேசியில் பதிந்தால் குரல் அமுங்கிவிடும். முதலில் தப்பில்லாமல், பாடுபவரிடமிருந்து ஒரு முழம் தள்ளிக் கைபேசியை வைத்து ஒரு தடவை. பிறகு தப்போடு ஒரு தடவை. (அதுவரை தப்படிப்பவருக்குத் தேத்தண்ணி கொடுங்கள்.) பிரதேச செயலகக் கலாசாரப் பிரிவுகள் ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் விட்டுவந்த தோட்டம், அதன் டிவிசன் (தோட்டப் பிரிவு), ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவைக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.