ஞாயிறு உரையாடல்: கதரினா ஷ்டாரிட்ஸ்

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு, ஹிட்லர் கால ஜெர்மனியில் பிரெஸ்லாவ் நகரில் புராட்டஸ்டன்ட் சபைப் பணியாற்றிய கதரினா ஷ்டாரிட்ஸைப் பற்றிப் பேசுகிறோம்.

1941 செப்டம்பரில், யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டுமென உத்தரவு வந்தது; யூத வம்சத்தில் பிறந்து கிறிஸ்தவர்களானவர்களையும் அது விடவில்லை. அந்தக் கிறிஸ்தவர்களை ஒதுக்காதீர்கள் என்று நகரப் போதகர்களுக்கு உடனே சுற்றறிக்கை எழுதினார் அவர். தனியே வர அஞ்சுவோரை ஆலயத்துக்கு அழைத்து வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள் என்பது வரை அதில் இருந்தது. சபைத் தலைமையோ அவரையே பணியிலிருந்து விலக்கியது. எனக்கு ஆறாதது அதுதான். 1942இல் கைது, பெண்களுக்கான ராவன்ஸ்ப்ரூக் நாஜி வதைமுகாம், 1943இல் விடுதலை. முகாம் நினைவுகளையும் எழுதினார்.

அந்தச் சுற்றறிக்கை ஞானஸ்நானம் பெற்றவர்களோடு நின்றுவிட்டதே, மற்ற யூதர்களைப் பற்றிப் பேசவில்லையே என்ற கேள்வியையும் எடுப்போம். வர இயலாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.