சுங்கை பூலோவில் சத்தம் வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு, போன ஞாயிறு பிள்ளைகளோடு சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்குப் போயிருந்தோம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியப் பக்கமிருந்து உள்ளான், உப்புக்கொத்தி போன்ற பறவைகள் இங்கே வந்து இளைப்பாறும், வெளியே கடல்நீர் ஏறிச் சேற்றுத்திட்டு மூழ்கும்போது அவை உள்ளே குளங்களுக்கு வந்துவிடும் என்பதால் நீரேற்ற நேரம் பார்த்துப் போனால் கூட்டம் கூட்டமாகக் காணலாம். உடும்பு, நீர்நாய், அப்புறம் பாலத்துக்குக் கீழே அசையாமல் கிடந்த முதலை! ஆனால் பறவை பார்க்கும் மறைவிடத்தில் ஒரு குடும்பம் கைப்பேசியில் பாட்டை அலறவிட, பறவைகள் எல்லாம் எழும்பிப் போய்விட்டன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உயிர்கள் அவை. 2002-இல் இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம், நுழைவுக் கட்டணமும் இல்லை. தயவுசெய்து அங்கே மெதுவாகப் பேசுங்கள், பாட்டைக் காதொலிக் கருவியில் கேளுங்கள்.

வாசகர், உட்லண்ட்ஸ்